பழைய ஆயில் எங்கே போகிறது?

(கடையநல்லூரில், கார் வைத்திருப்போரும் ஒர்க்‌ஷாப் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்திய ஆளுக்கு இது சிரமமான தலைப்பில்லை. ஆனால் தலைப்பைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள அனுமதி வேண்டும். புது ஆயிலை ஊற்றி மூடியைத் திருகுவதோடு பேச்சை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கீழே இறக்கிய பழைய ஆயில் எங்கே போகிறது என்பது வரை பேசப் போகிறேன். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டால் அந்தக் கவலை ஒர்க்‌ஷாப்காரருடையது. வீட்டு வாசலில் நீங்களே மாற்றினால், தட்டில் கிடக்கிற மூன்று நான்கு லிட்டர் கறுப்பு எண்ணெய்க்கு நீங்கள்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பையும் சேர்த்து ஏற்கிறவர் மட்டும் ஸ்பானரைக் கையில் எடுக்கட்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எண்ணெய் செய்கிற வேலை

எண்ணெய் போடாமல் சக்கரம் ஓடாது என்று நம் ஊரில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்டவர்கள் நம் பாட்டன்மார். அவர்களுக்கும் முன்னால், உப்பு விற்ற உமணர்கள் வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு போன செய்தி, ஔவையார் பாடிய புறநானூற்று 102-ஆம் பாட்டில் இருக்கிறது. கார் எஞ்சினுக்குள் அப்படி உபரி அச்சு எதையும் வைக்க முடியாது. கிராங்க் ஷாஃப்ட் ஒன்றுதான். அது பிடித்துக்கொண்டால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். அதைக் காப்பாற்றுவது எண்ணெய் மட்டுமே.

மோட்டார் வாகனம் வந்த பிறகும் ஆமணக்கு நம்மை விட்டுப் போகவில்லை. லண்டனில் 1899-இல் சார்ல்ஸ் வேக்ஃபீல்ட் தொடங்கிய கம்பெனி, 1909-இல் ஆமணக்கெண்ணெய் சேர்த்த எஞ்சின் ஆயில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுதான் காஸ்ட்ரால். இன்றைய ஆயில் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. டப்பாவில் இருப்பதில் நூற்றுக்கு எழுபத்தைந்து முதல் தொண்ணூறு பங்கு அடிப்படை எண்ணெய். நம் மாநிலத்திலேயே மணலி சுத்திகரிப்பு ஆலையில் அது எடுக்கப்படுகிறது. மீதிப் பங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது: அழுக்கைப் பிடித்து மிதக்க வைக்கும் மருந்து, அமிலத்தை முறிக்கும் மருந்து, உலோகமும் உலோகமும் உரசாமல் மெல்லிய படலம் போடும் துத்தநாகக் கலவை, நுரைக்காமல் தடுக்கும் மருந்து.

கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையில் உள்ள சந்து ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. அந்தச் சந்தில் ஆயில் பம்ப் அழுத்தத்தோடு எண்ணெயை அனுப்புகிறது. தண்டு சுழலும்போது எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. இதோடு, பிஸ்டனின் சூட்டை எடுப்பது, பிஸ்டன் ரிங்கின் இடுக்கை அடைப்பது, துரு ஏறாமல் காப்பது என்று எல்லா வேலையையும் ஒரே எண்ணெய் செய்கிறது. செய்யச் செய்ய அதன் மருந்து தீர்கிறது. எண்ணெய் ஆவியாகி மறைந்துவிடுவதில்லை, உள்ளே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் காப்பாற்றும் சத்து போய்விடுகிறது. டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கிறது என்று நாம் ஏமாறுவது இங்கேதான்.

இன்னொன்று. ஆயில் கறுத்துவிட்டது, அதனால் கெட்டுவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓடினாலே கறுத்துவிடும். கரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து ஆயிலின் ஆயுளைச் சொல்ல எவராலும் முடியாது.

ஓடாத காருக்கும் ஆயில் உண்டு

இந்த ஊரில் என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது: "அண்ணாச்சி, வண்டி ஷெட்டுல சும்மாதான நிக்கி. வருசத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல. அதுக்கு எதுக்கு ஆயில் மாத்தணும்?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடையநல்லூர் பல தலைமுறையாகக் கடல் தாண்டிப் பிழைக்கிற ஊர். சிங்கப்பூரில் 1941-லேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். இப்போது வளைகுடா நாடுகள். குடும்பத்தலைவர் அங்கே, கார் இங்கே. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது குற்றாலம், கல்யாண வீடு என்று ஓடும். மற்ற நாளில் பஜார், பேங்க், ஆஸ்பத்திரி என்று இரண்டு மூன்று கிலோமீட்டர். மீட்டர் ஏறவே ஏறாது.

ஆனால் எஞ்சினுக்கு மிகக் கடினமான வாழ்க்கை இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே, ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கும். கூடவே எரியாத பெட்ரோலும் அமிலப் புகையும் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலை விட்டு ஆவியாகிப் பிரியும். பஜார் வரை போய்த் திரும்பினால் சூடேற நேரம் ஏது? டேஷ்போர்டில் காட்டுவது தண்ணீரின் சூடு. ஆயில் சூடேற அதைவிட அதிக நேரம் ஆகும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கத்தில் மோர் நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தால் அது தண்ணீர் கலந்த ஆயில்.

வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைத்தால் வண்டி நன்றாக இருக்கும் என்று நினைத்துச் செய்வதும் இதே கேட்டைத்தான் தரும். பேட்டரி கொடுத்த கரண்ட்கூடத் திரும்ப ஏறாது. ஆயிலில் ஈரம் மட்டும் ஏறும். ஸ்டார்ட் செய்வதென்றால் தென்காசி வரை ஓட்டிப் போய்த் திரும்புங்கள். முடியாவிட்டால் பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

நம் சந்தையில் விற்கும் சாதாரண கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது பன்னிரண்டு மாதம். 'அல்லது' என்றால் எது முதலில் வருகிறதோ அது. ஓட்டம் குறைந்த வண்டிக்குக் காலம்தான் கணக்கு. அதே கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்று தனி அட்டவணை இருக்கும்: குட்டிக் குட்டி ஓட்டம், புழுதி, டிராஃபிக்கில் நின்று நின்று போவது, மலையேற்றம். மணல் லாரியும் சபரிமலை சீசன் வண்டியும் மாறி மாறிப் போகிற நம் கொல்லம் – திருமங்கலம் சாலையில், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறி இறங்குகிறவர்கள் அந்த அட்டவணையைத்தான் படிக்க வேண்டும். அதில் இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

லீவு முடிந்து விமானம் ஏறப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பி வந்து ஆயில் மாற்றலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். போகும் முன்பே மாற்றிவிட்டுப் போங்கள். அமிலம் ஏறிய பழைய ஆயில் பத்து மாதம் பேரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதைவிடப் புது ஆயில் உட்கார்ந்திருப்பது நல்லது.

எந்த ஆயில்?

டப்பாவின் மேல் இரண்டு சங்கதிகளைப் பாருங்கள். ஒன்று அதன் கெட்டித்தன்மை. எண்ணெயை எண்ணால் தரம் பிரிக்கிற முறையை அமெரிக்காவின் எஸ்ஏஇ சங்கம் 1911-இல் கொண்டுவந்தது. 5டபிள்யூ-30 என்றால், முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. பின்னால் உள்ள எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நூறு டிகிரி செல்சியஸில் 30 என்கிற ஆயிலின் கெட்டித்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கும். 40 என்றால் 12.5 முதல் 16.3.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி" என்று கடையில் சொல்வார்கள். பழைய அம்பாசடருக்கு அது பொருந்தியது. இன்றைய எஞ்சினில் சந்துகள் நெருக்கமாக இருக்கின்றன. வால்வைத் திறந்து மூடும் நேரத்தை மாற்றுகிற பாகங்கள் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. புதிய மாருதி பெட்ரோல் எஞ்சின்களுக்கு 0டபிள்யூ-16 என்று தண்ணீர் போன்ற ஆயிலைக் கம்பெனியே சொல்கிறது. வெயிலைப் பார்த்து ஆயில் வாங்காதீர்கள். கையேட்டைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, தரம். பெட்ரோல் கார்களுக்கு ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரத்தில் எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020-இல் வந்தது. புதிய தரம் பழைய பெட்ரோல் வண்டிக்குப் பொதுவாக ஆகும். பழைய தரம் புதிய வண்டிக்கு ஆகாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் சைலன்சரில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சாம்பல் அதிகம் விடுகிற ஆயிலை ஊற்றினால் அது அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவில் பல வருஷத்துக்கு ஆயில் வாங்கலாம். பிஎஸ்6 டீசலுக்குக் கையேட்டில் எழுதியுள்ள தரத்தில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

ஃபில்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆரம்ப காலக் கார்களில் ஃபில்டரே இல்லை, வெறும் கம்பி வலைதான். 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் ப்யூரோலேட்டர் என்ற ஆயில் ஃபில்டருக்குக் காப்புரிமை வாங்கினார். கையால் திருகிப் போடுகிற இன்றைய டப்பா ஃபில்டர் 1950-களில் வந்தது. உள்ளே மடித்து வைத்த காகிதம், நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு, காகிதம் அடைத்துக்கொண்டால் திறந்துகொள்ளும் பைபாஸ் வால்வு, இவ்வளவுதான். ஃபில்டர் அடைத்தால் எஞ்சின் நிற்காது. அழுக்கு ஆயிலே வடிகட்டாமல் சுற்றிக்கொண்டிருக்கும், நமக்குத் தெரியாது. ஒவ்வோர் ஆயில் மாற்றத்துக்கும் ஒரு ஃபில்டர் என்பது கணக்கு.

வாரண்டி முடியாத வண்டியை வீட்டில் கழற்றாதீர்கள். இலவச சர்வீஸை முறைப்படி செய்து பில்லை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சொல்லப் போவது வாரண்டி முடிந்த வண்டிக்கு.

வண்டிக்குக் கீழே

முதலில் உயிர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை நீட்டாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவது ஸ்டாண்டின் வேலை. ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதை நம் தெருக்களில் பார்க்கிறேன். அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இரண்டு நல்ல இரும்பு ஸ்டாண்ட் வாங்க முடியாதவர் வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுவதே நல்லது. இடம் சமதளமாக, சிமெண்ட் தரையாக இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள்.

வண்டியைத் தூக்கும் முன்பே எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓட விட்டு அணைத்து, பத்து நிமிஷம் பொறுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கோடு வழிந்து வரும். நெடுந்தூரம் ஓடி வந்த சூட்டோடு திறந்தால் கை வெந்துபோகும்.

மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். கீழே சம்ப்பில் ட்ரெயின் போல்ட்டைத் தேடுங்கள். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பக்கத்திலேயே கியர்பாக்ஸுக்கும் ஒரு போல்ட் இருக்கும். அவசரத்தில் கியர் ஆயிலை இறக்கிவிட்டு, எஞ்சினில் இருந்த பழைய ஆயிலின் மேல் இன்னும் நான்கு லிட்டர் ஊற்றி வண்டியை எடுத்தால், இரண்டு பக்கமும் செலவு. கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு தொடுங்கள்.

போல்ட்டின் தலைக்குச் சரியான ரிங் ஸ்பானர் அல்லது பாக்ஸ் ஸ்பானர் போடுங்கள். இறுக்கம் விட்டதும் ஸ்பானரை வைத்துவிட்டுக் கையால் திருப்புங்கள், போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்புங்கள். மரை முழுவதும் விட்டுவிட்டது என்று விரலுக்குத் தெரியும். அப்போது சட்டென்று பக்கவாட்டில் இழுத்துக்கொண்டால் எண்ணெய் கையில் படாது. கீழ்நோக்கி இழுத்தால் முழங்கை வரை வழியும். எண்ணெய் முதலில் நேராக விழாது. சம்ப் நிறைந்திருப்பதால் ஒரு முழம் தள்ளிப் பீறிட்டு விழும். வேகம் குறையக் குறைய உள்ளே நெருங்கி வரும். தட்டையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். கடைசியில் சொட்டுச் சொட்டாக வரும்போது பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள்.

அந்த நேரத்தில் வண்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வீட்டில் ஆயில் மாற்றுவதால் மிச்சமாகிற கூலி பெரிய தொகை இல்லை. ஆனால் ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருப்பது, சைலன்சர் தொங்குவது, எங்கோ எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருப்பது, இவையெல்லாம் உங்கள் கண்ணில் படும். அதுதான் லாபம். கழற்றிய போல்ட்டின் நுனியில் சில வண்டிகளில் காந்தம் இருக்கும். அதில் மாவு போல் கொஞ்சம் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் பயமில்லை. கண்ணுக்குத் தெரிகிற சில்லுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதல் சில மரைகளைக் கையாலேயே ஏற்றி, பிறகு ஸ்பானரால் இறுக்குங்கள். சம்ப் பல வண்டிகளில் அலுமினியம். முறுக்கி முறுக்கி இறுக்கினால் மரை தின்றுவிடும், சம்ப்பே மாற்ற வேண்டிவரும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும். அளவு காட்டுகிற டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது.

அடுத்து ஃபில்டர். கழற்றும்போது அதிலிருந்தும் ஆயில் ஊற்றும். தட்டு கீழே இருக்கட்டும். கழற்றியதும் ஃபில்டரின் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தத்தில் ஒன்று பிதுங்கி, சில நிமிஷத்தில் ஆயில் முழுவதும் ரோட்டில் இருக்கும். அதனால் எஞ்சின் பக்கத்தைத் துணியால் துடைத்து, விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் புது ஆயிலைக் கொஞ்சம் தடவுங்கள். ஃபில்டரைக் கையால் திருகி, வளையம் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று திருப்பினால் போதும். ஸ்பானர் வேண்டாம்.

இனி வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு மேலே. சிறிய பெட்ரோல் கார்களுக்கு மூன்றிலிருந்து நான்கு லிட்டர் பிடிக்கும். பெரிய டீசல் வண்டிகளுக்கு ஆறு, ஏழு லிட்டர்கூட ஆகும். கையேடு சொல்லும் அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கியரை நியூட்ரலுக்கு மாற்றி ஸ்டார்ட் செய்தால் சிவப்பு ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் கீழே குனிந்து கசிவு பாருங்கள். நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து மறுபடி டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. கூடுதலாக ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரை பேரிங்கைத் தாங்காது. தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டிவிடுங்கள்.

தட்டில் கிடப்பது

இப்போது என் தலைப்பின் மறுபாதிக்கு வருகிறேன். தட்டில் நான்கு லிட்டர் கறுப்பு ஆயில் கிடக்கிறது. என்ன செய்வீர்கள்?

வழக்கமாக நடப்பது எல்லோருக்கும் தெரியும். கதவு நிலையில் கரையான் வராமல் தடவுகிறோம். சென்ட்ரிங் பலகைக்குக் கொடுக்கிறோம். வேலியோரம் புல் முளைக்காமல் ஊற்றுகிறோம். மிச்சத்தை இருட்டிய பிறகு சாக்கடையில் விட்டுவிடுகிறோம்.

அந்த ஆயிலில் இருப்பது என்னவென்று சொல்கிறேன். தேய்ந்த உலோகத்தின் துகள்கள், எரிபொருள் மிச்சம், கரி, எரிந்ததில் உண்டான நச்சுச் சேர்மங்கள். சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெயை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. பயன்படுத்திய எஞ்சின் ஆயில் தோலில் தினமும் படக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் தினமும் கையை ஆயிலில் நனைக்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன்: கையுறை போடுங்கள், ஆயில் துணியைப் பாக்கெட்டில் சொருகாதீர்கள், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டுக் கதவில் தடவுகிறவர்களும் குழந்தைகள் கை வைக்கும் இடம் அது என்பதை நினைக்க வேண்டும்.

சாக்கடையில் விட்டது எங்கே போகும்? ஓடை வழியே குளத்துக்குப் போகும், குளத்திலிருந்து வயலுக்குப் போகும். நம் பக்கத்துக் கருப்பாநதித் தண்ணீர் சிற்றாற்றோடு சேர்கிறது; சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. கீழே எத்தனை ஊருக்கு அது குடிநீர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலன் பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. லிட்டரில் சொன்னாலும் கணக்கு அதேதான். நீங்கள் இறக்குகிற நான்கு லிட்டர், நாற்பது லட்சம் லிட்டருக்குச் சமானம்.

"கொசு ஒழிக்க உள்ளாட்சிக்காரர்களே ஆயில் பந்து போடுகிறார்களே" என்று ஒருவர் கேட்கலாம். மரத்தூளை ஆயிலில் ஊறவைத்துத் துணியில் கட்டி, தேங்கிய சாக்கடையில் போடுவது சில ஊர்களில் நடக்கிறதுதான். அது சிறு அளவில், ஓர் இடத்தில், ஒரு காரணத்துக்காகச் செய்வது. அதைக் காட்டி நாம் கேன் கேனாக ஊற்ற அனுமதி எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் வேதனை என்னவென்றால், நாம் கொட்டுவது குப்பையே அல்ல, சரக்கு. பழைய ஆயிலிலிருந்து தண்ணீரையும் அழுக்கையும் பிரித்து, மறுபடியும் அடிப்படை எண்ணெயாக்கலாம். அதே அமெரிக்க முகமையின் கணக்கைச் சொல்கிறேன். சுமார் இரண்டரை லிட்டர் எஞ்சின் எண்ணெய் எடுக்க ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய், அதாவது 159 லிட்டர் வேண்டும். அதே இரண்டரை லிட்டர், நான்கு லிட்டருக்கும் குறைவான பழைய ஆயிலிலிருந்து கிடைத்துவிடும். கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிற நாடு நாம்.

சட்டமும் தூங்கவில்லை. பழைய ஆயில் அபாயக் கழிவு என்று 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் சொல்கின்றன. அதை அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும். 2023-இல் அந்த விதிகளைத் திருத்தினார்கள். 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் விற்கும் கம்பெனிகளே பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் போவதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று வந்திருக்கிறது. பதிவு பெற்ற சேகரிப்பு முகவர்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் சட்டம் ஆலையைப் பார்க்கிறது, கம்பெனியைப் பார்க்கிறது. கடையநல்லூரில் ஒரு வீட்டு வாசலில் இருக்கிற நான்கு லிட்டர் அதன் கண்ணில் படாது. அதை ஆலை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற சங்கிலியின் முதல் கண்ணி நீங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் பீப்பாயில் சேர்த்து வைத்து, லிட்டர் கணக்கில் விற்பதும் உண்டு. வாங்கிப் போகிறவர் யார் என்று ஒர்க்‌ஷாப் நண்பர்கள் கேட்க வேண்டும். செங்கல் சூளைக்கும் உலைக்கும் எரிக்கப் போனால் அந்த நஞ்சு புகையாகத் திரும்பி நம் மூக்குக்கே வரும். அதைவிட மோசம், வடிகட்டி நிறம் ஏற்றி நல்ல கம்பெனிக் கேனில் அடைத்து மறுபடி சந்தைக்கு வருவது. அதற்கு உதவுவது நாம் முழுசாகத் தூக்கிப் போடுகிற காலிக் கேன்தான். அதைக் கத்தியால் இரண்டு இடத்தில் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

செய்ய வேண்டியது

வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் இவ்வளவு செய்தால் போதும். மூடி நன்றாக இறுகுகிற கேன் ஒன்றைப் பழைய ஆயிலுக்கென்றே வையுங்கள். 'பழைய ஆயில்' என்று மேலே எழுதுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர், பெட்ரோல், பிரேக் ஆயில், கூலன்ட் எதையும் அதில் கலக்காதீர்கள். கலந்தால் மறுசுழற்சிக்கு ஆகாது. பழைய ஃபில்டரைக் கவிழ்த்து வைத்து ஒரு ராத்திரி வடிய விடுங்கள். அதற்குள்ளும் கணிசமான ஆயில் தங்கியிருக்கும். கேன் நிறைந்ததும், அனுமதி பெற்றவரிடம் கொடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள். காசு கேட்காதீர்கள்; வாங்கிக்கொண்டாலே உபகாரம்.

ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் மாற்றிக் கொண்டுவருகிறவரைப் பிழைப்பைக் கெடுப்பவராகப் பார்க்காதீர்கள். அவர் கொண்டுவரும் கேனை வாங்கி உங்கள் பீப்பாயில் ஊற்றிக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸுக்கும் பிரேக்குக்கும் அவர் உங்களிடம்தான் வரப் போகிறார்.

நகராட்சிக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்குகிற இடத்தில், பழைய ஆயிலுக்கென்று மூடியுள்ள ஒரு பீப்பாய் வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரை வரவழைத்து எடுத்துப் போகச் செய்யுங்கள். 2019 நவம்பரில் பிறந்த புது மாவட்டம் நம் தென்காசி. இதில் முன்மாதிரியாக இருக்கக் கடையநல்லூருக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

அந்தப் பீப்பாய் வரும் வரை உங்கள் வீட்டுக் கேனே போதும். இன்று வீட்டுக்குப் போனதும் பானெட்டைத் திறந்து, கடைசியாக ஆயில் மாற்றிய தேதியைப் பாருங்கள். வருஷம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். இறக்கிய ஆயிலில் ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போக வேண்டாம்.